ஓய்வுக்காலத்துக்கு நாகர்கோவிலா, கடலோரமா, மேற்கே விளையா?

சென்னையிலோ வளைகுடாவிலோ வேலையை முடித்துக்கொண்டு குமரி மாவட்டத்துக்குத் திரும்புகிறவர்கள் முன்னால் வழக்கமாக மூன்று வழிகள் இருக்கும். நாகர்கோவிலில் ஒரு ஃபிளாட்டோ தனி வீடோ வாங்கலாம். கன்னியாகுமரி, முட்டம் பக்கம் கடல் தெரிகிற மனையில் கட்டலாம். இல்லையென்றால் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பங்காக வந்த விளைக்கே (மேட்டுத் தோட்ட நிலத்துக்கே) போய்விடலாம். 60 வயதில் மூன்றுமே நன்றாகத்தான் இருக்கும். ஸ்கூட்டர் சாவியை மகன் வாங்கி வைத்துக்கொள்கிற 76 வயதில் எது தாங்கும் என்பதுதான் கேள்வி.

கடலோரம்

ஆசை அதிகம் இங்கேதான், செலவும் இங்கேதான். ஆனி, ஆடிக் காற்று உப்பையும் சேர்த்துக் கொண்டுவந்து அப்பும். முதலில் கேட்டின் கீல் பெயிண்டைக் கொப்புளிக்க வைக்கும், பிறகு ஜன்னல் கம்பி, பிறகு ஏசியின் வெளிப்பெட்டி. இவற்றை மாற்றிவிடலாம். மாற்ற முடியாதது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. உப்பு அதைத் தொட்டதும் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளேயிருந்து நெட்டித் தள்ளி சீலிங்கைப் பெயர்த்துவிடும்.

அதனால் பழைய வீட்டை விலைக்குப் பார்க்கும்போது ஹாலின் டைல்ஸைப் பார்க்காதீர்கள், சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பி ஓடும் திசையில் நேர்கோடாக விரிசலும் அதையொட்டிப் பழுப்புக் கறையும் இருந்தால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் மட்டும் புதுப் பூச்சு தெரிந்தால் இன்னும் மோசம்.

புதிதாகக் கட்டினால் எம் 30 கிரேடு கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பழக்கத்தில் எம் 20, ஸ்லாபுக்கு 20 மி.மீ. கவர் என்றுதான் போடுவார்கள். கலவைக்கும் நனைப்பதற்கும் உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஆகவே ஆகாது. ஜன்னலுக்கு யுபிவிசி என்கிற துருப்பிடிக்காத கெட்டிப் பிளாஸ்டிக். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி என்றால் 304 அல்ல, 316 கிரேடு. 304 கடற்காற்றில் செம்புள்ளி போடும்.

இன்னொன்று, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. கரையை ஒட்டிய மனைக்கு பிளான் அப்ரூவல் கிடைக்குமா என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. 2004 சுனாமியில் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்டதைப் பார்த்த மாவட்டம் இது; தாழ்வான மனையில் கட்டுவதற்குக் கடல் தெரிகிறது என்ற காரணம் போதாது. கன்னியாகுமரி டவுனில் கார்த்திகை தொடங்கினால் ஐயப்ப சீசன். தை வரை தெருவில் கூட்டம். பெரிய வைத்தியத்துக்கு 20 கி.மீ. நாகர்கோவில் வர வேண்டும்.

மேற்கே விளை

தண்ணீர், குளிர்ச்சி, சொந்தபந்தம் மூன்றிலும் இதை அடித்துக்கொள்ள முடியாது. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளும் எட்டும் தூரம்தான். ஆனால் நிலம் மேடும் பள்ளமுமானது. வீடு ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் கீழே. பத்துப் பன்னிரண்டு படிகள், அதில் வருஷத்துக்கு இரண்டு பருவமழையின் பாசி. இடுப்பெலும்பு முறிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான். ஜூன் முதல் வாரத்திலும் அக்டோபரிலும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும். படி உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் திரும்ப முடிகிறதா என்று நடந்து பாருங்கள். மூளையில் ரத்தம் அடைத்தால் அந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள்தான். பேச்சிப்பாறைப் பக்கத்து உள்விளையிலிருந்து ராத்திரியில் வண்டி பிடித்து இறங்குவதற்குள் அதில் பெரும் பகுதி போய்விடும்.

ரப்பர் வருமானத்தை பென்ஷனோடு கூட்டிக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. நட்ட மரம் பால் தர ஏழு வருஷம் ஆகும். 65 வயதில் மறுநடவு செய்தால் முதல் பால் 72-இல். மழையில் பால் வெட்டு நிற்கும், தை மாசியில் இலை உதிரும்போதும் நிற்கும், வெட்டுக்காரர் கிடைக்காத நாளிலும் நிற்கும். வெட்டு நின்ற மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையைக் கவிழ்க்காமல் விட்டால் கொசுப் பண்ணைதான். பக்கத்து விளைக்காரர் கவிழ்ப்பாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் சாய்ந்து, கரண்ட் கம்பிகளும் அறுந்தன. உள்விளைக்குக் கரண்ட் கடைசியாகத்தான் வரும். இன்சுலின் வைத்திருப்பவர் வீட்டில் ஃபிரிட்ஜை இழுக்கக்கூடிய இன்வெர்ட்டர் கட்டாயம்.

வாங்குவதாக இருந்தால் சர்வே எண் 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ளோ மலையிடப் பாதுகாப்பு கிராமப் பட்டியலிலோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் விற்கவும் கட்டவும் தனி அனுமதி தேடி அலைய வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த மண் என்பதால் மூலப் பிரமாணம் (தாய்ப் பத்திரம்) மலையாளத்தில் இருக்கலாம். படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தரிடம் கொடுத்து, சகோதரிகளின் பங்கு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நாகர்கோவில்

அழகில் மூன்றாமிடம், வயோதிகத்துக்கு முதலிடம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்தில். சென்னைக்கு 2024 ஆகஸ்ட் முதல் வந்தே பாரத். ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வருவார். டவுன் பஸ்ஸில் வீட்டுக்காரம்மாவுக்கு டிக்கெட் காசு இல்லை, வீட்டுக்காரர் மட்டும் கொடுக்க வேண்டும்.

இங்கே பள்ளம் வேறு மாதிரி. வயலை நிரப்பி 'நகர்' என்று பெயர் வைத்த மனைகள் ஏராளம். பழையாறு பெருகும்போது ஒழுகினசேரி, சுசீந்திரம் பக்கத்துத் தாழ்வுகளில் தண்ணீர் ஏறும். பக்கத்துக் காலி மனையில் கோரை முளைத்திருந்தால், காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு மங்கிய கோடு தெரிந்தால், பழைய பட்டாவில் நஞ்சை என்று இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். முக்கடல் அணை வற்றினால் குழாய்த் தண்ணீர் வரும் நாட்களுக்கிடையே இடைவெளி நீளும். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 270. பத்து நாள் இடைவெளிக்கு 2,700. விருந்தாளிகளையும் சேர்த்து 5,000 லிட்டர் சம்ப் போதும். ஃபிளாட் என்றால் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் ஓடுமா, இல்லை மாடிப்படி விளக்குக்கு மட்டுமா என்று கேளுங்கள்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் மனை மலிவுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று வீட்டுக்குள்ளும் வரும் என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எந்தப் பக்கம் மனசு போனாலும் உடனே பத்திரம் பதிய வேண்டாம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 40 லட்சம் சொத்துக்கு ரூ.3.6 லட்சம். மனசு மாறினால் அந்தப் பணம் திரும்பாது. அதே பகுதியில் மே மாதம் வாடகைக்குப் போய், இரண்டு மழையையும் பார்த்துவிட்டு, அடுத்த ஏப்ரலில் கிணற்றையும் எட்டிப் பாருங்கள். அதற்குள் ஒரு ராத்திரி 11 மணிக்கு, மழை பெய்யும் நாளாகப் பார்த்து, பெரியாஸ்பத்திரிக்கு ஒரு ஆட்டோ கூப்பிட்டுப் பாருங்கள்.