ஜியோசர்வர்: படம் வரும், விவரம் வராது

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004-ல் பிரிந்தது, தென்பெண்ணை பிரியவில்லை. ஆற்றை ஒரே வரைபடத்தில் காட்டப் போனால், பழைய ஏரி லேயர் (வரைபட அடுக்கு) ஒரு சர்வரில், புதிய தாலுகா எல்லை இன்னொன்றில், வலைப்பக்கம் மூன்றாவதில் என்று அமைவது சகஜம். இந்த வேலைக்கு, வரைபடத் தரவை வலையில் வழங்கும் இலவச மென்பொருளான ஜியோசர்வரைத் தாராளமாக நம்பலாம். ஒரு சர்வரின் தரவை வேறு முகவரியிலுள்ள வலைப்பக்கம் படிக்கப் பிரவுசர் எதிர்பார்க்கும் கோர்ஸ் (CORS) அனுமதி விஷயத்தில் மட்டும் ஆளை அலைக்கழிக்கிறது.

கோளாறு பாதிதான் வெளியே தெரியும். டபிள்யூஎம்எஸ் முறையில் வரும் டைல்களை (வரைபடத் துண்டுகளை), வலைப்பக்கத்தில் வரைபடம் காட்டும் லீஃப்லெட் நிரல் சாதாரணப் படமாக வாங்குவதால் பிரவுசர் தடுக்காது. கே.ஆர்.பி. அணை மேல் கிளிக் செய்து விவரம் கேட்டால் அது ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் கோரிக்கை வழியே போகும், அங்கே மாட்டிக்கொள்ளும். லீஃப்லெட் போன்ற இன்னொரு நிரலான ஓப்பன்லேயர்ஸில் வரைபடத்தைப் படமாகச் சேமிக்க வேண்டுமென்றால் டைல்களுக்கும் அனுமதி வேண்டும். லேயருடைய சோர்ஸின் கிராஸ்ஆரிஜின் மதிப்பை 'அனானிமஸ்' என்றும் வைக்க வேண்டும்.

அனுமதி, ஜியோசர்வரின் அமைப்புக் கோப்பான வெப் டாட் எக்ஸ்எம்எல்லில் (web.xml) செயல்படாத கமென்ட்டாக மூடிக் கிடக்கிறது. ஜியோசர்வரை இயக்கும் சர்வர் மென்பொருள் ஜெட்டி என்றால் ஒரு ஃபில்டர் (அனுமதியைச் சேர்க்கும் பகுதி), டாம்கேட் என்றால் வேறொன்று. டாம்கேட்டில் ஜெட்டியுடையதைத் திறந்தால் ஜியோசர்வர் எழுந்திருக்கவே செய்யாது. இன்னொன்று: ஃபில்டரைத் திறந்தால் போதாது, அது எந்த முகவரிகளுக்குப் பொருந்தும் என்று சொல்லும், கீழே தனியாக இருக்கும் ஃபில்டர் மேப்பிங்கையும் திறக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். ஜியோசர்வரின் நிறுவல் கோப்பான வார் (WAR) கோப்பை மாற்றிப் புதிய பதிப்புக்குப் போகும்போது இந்தத் திருத்தம் அழிந்துபோகும், பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்கரில் (தயார்நிலைக் கன்டெய்னரில்) ஓட்டுபவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. கோர்ஸ் எனேபிள்ட் (CORS_ENABLED) என்ற மாறியை 'ட்ரூ' ஆக்கினால் முடிந்தது. இந்த வசதியை மற்ற நிறுவல்களுக்கும் தந்திருக்கலாம்.

ஜியோசர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் (nginx) இருந்தால் அனுமதித் தலைப்பை இரண்டில் ஒன்று மட்டும் அனுப்ப வேண்டும். இரண்டும் அனுப்பினால், எல்லாருக்கும் அனுமதி என்னும் நட்சத்திரக் குறி (*) இரண்டாகிப் பிரவுசர் மறுத்துவிடும். என்ஜின்எக்ஸ் அனுப்புவதானால் அந்தத் தலைப்பு வரியின் கடைசியில் 'ஆல்வேஸ்' சேருங்கள். இல்லாவிட்டால் சர்வரின் 500 பிழைகூட கன்சோலில் கோர்ஸ் பிழையாகத் தெரிந்து, தேடுகிறவரைத் திசைதிருப்பும்.

நட்சத்திரத்துக்குப் பதில் வலைப்பக்கத்தின் முகவரியை எழுதினால் கடைசியில் சாய்கோடு கூடாது. எச்டிடிபிஎஸ்ஸும் போர்ட் எண்ணும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் டாம்கேட் 403 (அனுமதி மறுப்பு) அனுப்பும். பாஸ்வேர்டு கேட்கும் லேயரென்றால் பிரவுசர் முதலில் அனுமதி கேட்டு ஆப்ஷன்ஸ் கோரிக்கை அனுப்பும். அதில் பாஸ்வேர்டு இருக்காது. அதற்கு 401 (பாஸ்வேர்டு தேவை) வந்தால் அடுத்த கோரிக்கை கிளம்பவே கிளம்பாது.

வரைபடத்துக்கு ஐந்துக்கு ஐந்து. கோர்ஸுக்கு இரண்டரை.