யூ.வி. என்று விற்ற நீல விளக்கு: மரைன் டேங்க் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கடல் மீன் தொட்டிக்கு யூ.வி. ஸ்டெரிலைசர் (தொட்டித் தண்ணீரை ஒரு குழாய்க்குள் ஓடவிட்டு, புற ஊதாக் கதிர் விளக்கால் கிருமி கொல்லும் கருவி) வாங்கப் போகிறீர்களா? அதுவும் நம்ம டெல்டா ஊர்க் கடைகளில் கம்பெனி பெயரே இல்லாத பெட்டியில் வருவதையா? பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 4,500 ரூபாய் போனது. ஒரு ஜோடி கிளவுன் மீனும் பவுடர் ப்ளூ டேங் என்ற நீல மீன் ஒன்றும் செத்துப்போயின. கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன்.

நான் மயிலாடுதுறைக்காரன். டேங் மீனுக்கு உடம்பெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்தது. பாறையில் போய் உரசிக்கொண்டே இருந்தது, செவுள் படபடவென்று அடித்தது. மீன் வாங்கிய கடைக்கே போய்ச் சொன்னேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "தம்பி, 36 வாட் யூ.வி. ஒண்ணு மாட்டிடுங்க. காப்பர் மருந்து கீப்பர் மருந்து எதுவும் வேணாம். தனித் தொட்டியில போட்டு வைக்கிறதெல்லாம் வெளிநாட்டுக்காரன் வேலை" என்றார். பெட்டியைப் பிரித்து, விளக்கை வெளியே எடுத்து, கவுன்டர் மேல் வைத்து எரிய விட்டுக் காட்டினார். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். பளபளவென்று நீலமாக எரிந்தது.

அந்தக் காட்சி ஒன்றே போதும், அது யூ.வி.தானா என்று சந்தேகப்பட. கிருமி கொல்லும் விளக்கிலிருந்து வருவது 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும் அந்த மங்கல் நீலம் கூடவே வரும் உபரி வெளிச்சம். நிஜ விளக்கை மூடியில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்தாலே சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மண் விழுந்த மாதிரி எரியும், தோலும் சிவக்கும். விவரம் தெரிந்த யாரும் அதைக் கவுன்டரில் வைத்துக் குழந்தைக்கு எதிரே எரிய விட மாட்டார்கள். (வீட்டில் நீங்களும் இப்படி எரியவிட்டுச் சோதிக்க வேண்டாம். ஒருவேளை உங்களுடையது நிஜமாக இருந்துவிட்டால்?)

மாட்டிய சில நாளில் டேங் மீன் மேல் இருந்த புள்ளிகள் மறைந்தன. போன் செய்தேன். "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று சிரித்தார். "ராத்திரி அணைச்சுடுங்க, கரண்ட் மிச்சம்" என்று ஒரு யோசனையும் இலவசமாகத் தந்தார். அப்புறம் புள்ளிகள் திரும்பி வந்தன, முன்னைவிட அதிகமாக, கிளவுன்கள் மேலும் சேர்த்து. இந்தத் தடவை பழி தண்ணீர் மேல் விழுந்தது. தரங்கம்பாடியிலிருந்து எடுத்து வரும் கடல் தண்ணீர் சரியில்லையாம். பூம்புகார் முகத்துவாரப் பக்கம் என்றால் ஐப்பசி கார்த்திகை மழையில் காவிரித் தண்ணீர் கலந்து உப்பு இறங்கிவிடும், அது உண்மைதான். அதனால்தான் நான் அங்கே எடுப்பதே இல்லை. என் தொட்டியில் உப்பு மானி 1.025 காட்டியது, கடல் தண்ணீருக்குச் சரியான அளவுதான்.

புள்ளி ஏன் தானாகப் போனது என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், இதை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. கடல் மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளிக்குக் காரணம் கிரிப்டோகாரியான் இரிட்டான்ஸ் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாள் வரை தின்றுவிட்டு, மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் தானாகவே கழன்று விழும். விழுந்தது பாறையிலோ மணலிலோ ஒட்டிக் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரியும். கூடு வெடிக்கப் பல நாள் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். வெளியே வரும் குஞ்சு ஒட்டுண்ணிகள் நீந்திப் போய் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் சாகும். ஆக, புள்ளி மறைவது நோய் போன அடையாளம் இல்லை, அடுத்த சுற்றுக்கு ஆள் சேர்கிறது என்று அர்த்தம். எந்த டப்பாவை மாட்டினாலும் அந்த வாரம் வேலை செய்த மாதிரியேதான் இருக்கும்.

யூ.வி. அசலாகவே இருந்தாலும், குழாய்க்குள் வந்து சேரும் நீந்துகிற ஒட்டுண்ணியை மட்டும்தான் தொட முடியும். மீன் மேல் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது ஒன்றும் செய்யாது. கூடுகள் பெரும்பாலும் இருட்டில், விடியலை ஒட்டித்தான் வெடிக்கும். அந்த நேரத்தில் மீன் பாறை இடுக்கில் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். ஒட்டுண்ணிக்கு யூ.வி. குழாய்க்குத் தண்ணீர் தள்ளும் மோட்டார் வரை போகும் தேவையே இல்லை. இதில் ராத்திரி அணைத்துவிடச் சொன்ன அந்த மனிதரை என்ன சொல்வது!

குட்டு உடைந்தது வேறு வழியில். எங்கள் தெரு கேன் தண்ணீர் பிளான்ட்டுக்கு சர்வீஸ் செய்ய வரும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஆர்.ஓ. பிளான்ட்டிலும் கடைசியில் யூ.வி. விளக்குதான், அதை மாற்றுவது அவர் வேலை. கழற்றி அவர் கையில் கொடுத்தேன். விளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது யூ.வி.யே இல்ல தம்பி, தொட்டிக்கு மேல அழகுக்குப் போடுற நீல டியூப்பு" என்றார். தன் பையிலிருந்து ஒரு நிஜ விளக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நிஜ விளக்கின் குழல் பூச்சே இல்லாமல் தெளிவாக இருக்கும், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் வரை தெரியும். என்னுடையதில் உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பூச்சு. அடிப்பகுதியில் 9 வாட் என்று அச்சடித்திருந்தது, பெட்டியிலோ 36 வாட்! நிஜமான 9 வாட் யூ.வி. விளக்கிலேயே கிருமி கொல்லும் கதிராக வெளிவருவது 2 வாட்டுக்குச் சற்று மேல்தான்.

விளக்கைச் சுற்றியிருக்கும் உறையிலும் ஏமாற்று. அது குவார்ட்ஸாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி 254 நானோமீட்டர் கதிரை விடவே விடாது. அதாவது உள்ளே அசல் விளக்கே போட்டிருந்தாலும் தண்ணீருக்கு ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. என் உறையின் வெட்டு விளிம்பு லேசாகப் பச்சை அடித்தது, குவார்ட்ஸ் நிறமே இல்லாமல் இருக்கும். நெருப்பில் காட்டித் தண்ணீரில் போட்டால் சாதாரணக் கண்ணாடி விரிசல் விடும், குவார்ட்ஸ் தாங்கும் என்றார் அண்ணன். ஆனால் போடவில்லை. உடைத்துவிட்டீர்கள் என்று கடையில் கதையை மாற்றிவிடுவார்களாம்.

மாற்றத்தான் பார்த்தார்கள். "நீங்க திறந்துட்டீங்க, வாரண்டி போச்சு" என்றார் கடைக்காரர். இன்னும் 1,800 கொடுத்தால் "ஒரிஜினல்" விளக்கு தருகிறாராம். அப்படியானால் முதலில் விற்றது என்ன என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

என்னைக் கேட்டால், போலி விளக்கைவிட "தனித் தொட்டி வேண்டாம்" என்ற அந்தப் பேச்சுதான் பெரிய மோசடி. விளக்குக்குப் போனது வெறும் பணம். புள்ளி வந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, அளவு பார்த்து காப்பர் (செப்பு மருந்து) கொடுப்பதுதான் தெரிந்த வைத்தியம். பெரிய தொட்டியில் காப்பர் ஊற்றக் கூடாது, பவளமும் இறாலும் செத்துப்போகும். பெரிய தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் விட்டுவைக்கச் சொல்வார்கள். அலுப்பான வேலைதான், கடைக்காரருக்கு அதில் காசும் இல்லை.

யூ.வி. வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் பச்சையாவதைக் குறைக்கும், மிதக்கும் கிருமிகளைக் குறைக்கும். ஆனால் தண்ணீர் மெதுவாகப் போனால்தான் ஒட்டுண்ணிக்குப் போதுமான கதிர் கிடைக்கும். நல்ல கம்பெனிகள் பாசிக்கு ஒரு வேகம், ஒட்டுண்ணிக்கு அதைவிடக் குறைந்த வேகம் என்று தனித்தனியாக அட்டவணை தருவார்கள். அட்டவணை இல்லை என்றால் வாங்காதீர்கள். விளக்கு சுமார் 9,000 மணி நேரம் ஓடும், நிறுத்தாமல் எரிந்தால் ஒரு வருடம். அதற்குப் பிறகு நீலம் எரியும், கதிர் தேய்ந்திருக்கும். உள்ளே பாதரசம் இருப்பதால் பழைய விளக்கை வாய்க்காலில் வீசாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். என் கையில் இருப்பது கையால் எழுதிய துண்டுச் சீட்டுதான், அதிலும் "யூ.வி. 36 வாட்" என்று அவரே எழுதியிருக்கிறார். பெட்டி, விளக்கு, உறை மூன்றையும் அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்களும் எதையும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.