பழைய மார்லினுக்கு ஸ்கோப் போட்ட பட்டறை: துளைக்கு முழு மதிப்பெண், கவுண்டருக்கு இல்லை

துப்பாக்கியில் குறிபார்க்கும் பின் சைட், முன் சைட், எதிரே நிற்கும் மான் மூன்றையும் கண் ஒன்றாகச் சேர்த்துக் காட்ட மறுக்கும் நாள் ஒன்று எல்லோருக்கும் வரும். எனக்குப் போன பருவத்தில் வந்தது. மான் தெளிவாக நின்றது. முன் சைட்டின் மணியும் ஓரளவு தெரிந்தது. பின் சைட்டின் வெட்டுதான் பஞ்சு மாதிரி ஊதிப்போய் இருந்தது. சுடாமல் துப்பாக்கியை இறக்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த மச்சான், "என்ன மாப்பிள்ளை, மனசு இளகிட்டீங்களா?" என்றார். கண் இளகிவிட்டது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

என்னிடம் லீவர் ரைஃபிள், அதாவது விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி, இரண்டு உண்டு. வின்செஸ்டர் 94 ஒன்று, மார்லின் 336 ஒன்று. இரண்டும் 30-30 தோட்டாவுக்கானவை, இரண்டும் 1950-களின் தொடக்கத்தில் செய்தவை. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்ட ரிசீவரின், அதாவது குழலுக்குப் பின்னால் தோட்டா ஏறி இறங்கும் இரும்புக்கூட்டின், மேல்பக்கம் இரண்டிலும் துளை கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து வேலை கொடுக்கும் எண்ணத்தில்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன். முன்னால் சாமான் விற்கும் கவுண்டர், பின்னால் பெரியவர் ஒருவரின் வேலைமேசை. வந்த வேலையை மறுக்கத் தெரிந்தவர் அவர் என்பது போன ஐந்தாவது நிமிடமே தெரிந்தது.

வின்செஸ்டரைக் கையில் வாங்கி, லீவரை ஒருமுறை கீழே தள்ளிக் காட்டினார். அதில் காலித் தோட்டா நேராக மேலே எகிறும். ரிசீவருக்கு மேல் ஸ்கோப் உட்கார்ந்திருந்தால் பித்தளை அதில் மோதித் திரும்பி உள்ளேயே விழும். தோட்டாவைச் சாய்வாக வலப்பக்கம் எறியும் மாடலை அந்தக் கம்பெனி 1980-களில்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தையதில் ஸ்கோப் வேண்டும் என்றால் பக்கவாட்டில் தள்ளி மாட்டலாம், அல்லது குழலின் மேல் முன்னுக்குத் தள்ளி, கண்ணிலிருந்து எட்ட வைத்துப் பார்க்கும் ரக ஸ்கோப்பை வைக்கலாம். இரண்டையும் செய்து தருவாராம், ஆனால் இந்தத் துப்பாக்கியில் செய்ய மாட்டாராம். 1964-க்கு முந்தைய 94-ஐத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், புதிதாக ஒரு துளை போட்டால் அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்றார். ரிசீவரின் இடப்பக்கம் தொழிற்சாலையிலேயே போட்ட இரண்டு துளைகளைக் காட்டி, அதில் பீப் சைட் ஒன்றை மாட்டிக்கொள்ளச் சொன்னார். சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும்போது பின் சைட் மங்கலாக இருப்பது கண்ணுக்கு உறைக்காது. அதை நானே வீட்டில் மாட்டிக்கொள்ளலாம், அவருக்கு ஒரு காசு வருமானம் இல்லை.

மார்லின் வேறு ஜாதி. ரிசீவரின் மேல்பக்கம் முழுக்க மூடிய இரும்பு, காலித் தோட்டா வலப்பக்கம் போகும். ஸ்கோப்புக்கென்றே செய்த மாதிரி இருக்கும், ஆனால் 1950-களின் நடுவில்தான் தொழிற்சாலை அங்கே துளை போட ஆரம்பித்தது. என்னுடையது அதற்கு முந்தையது. ஏற்கெனவே யாரோ தோளில் வைக்கும் மரக்கட்டையைச் சுரண்டி வார்னிஷ் அடித்திருந்ததால் சேகரிப்பாளர் மதிப்பு என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை. இதில் துளை போட அவருக்கும் தயக்கமில்லை, எனக்கும் இல்லை.

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார். ரிசீவரைப் பிடித்து அளவெடுக்கவில்லை, குழலுக்குள் கம்பி ஒன்றைச் செருகி அதைப் பிடித்து அளவெடுத்தார். குண்டு போவது குழலின் கோட்டில்தானே. கணக்கு எளிது: முன் துளைக்கும் பின் துளைக்கும் நடுவே நான்கு அங்குலம் என்றால், ஒன்று நூறில் ஒரு பங்கு அங்குலம் விலகினாலும் 100 கெஜத்தில் குறி ஒன்பது அங்குலம் தள்ளிப்போகும். ஸ்கோப்பின் திருகைச் சுற்றி அதைச் சரிக்கட்டலாம்தான், ஆனால் சரிக்கட்டவே திருகில் ஒரு நல்ல பங்கு தீர்ந்துவிடும். மையம் குறிக்க மட்டும் முக்கால் மணி நேரம் எடுத்தார். துளைத்தது சில நிமிடம்.

ஆழம் இன்னொரு தலைவலி. முன் துளைகளுக்கு நேர்கீழே குழலை ரிசீவரில் திருகியிருக்கும் மரை இருக்கிறது, அதைத் தொடாமல் நிறுத்த வேண்டும். பின் துளைகள் உள்ளே போல்ட் (தோட்டாவைத் தள்ளி அடைக்கும் இரும்புத் துண்டு) ஓடும் பாதையில் திறக்கின்றன. அங்கே ஸ்க்ரூ ஒரு மரை நீண்டாலும் போல்ட்டில் உரசும். அங்குலத்துக்கு 40 மரை போடும் டேப்பைக் கையாலேயே அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று எண்ணெய் விட்டு இறக்கினார். ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தட்டான பேஸை மாட்டியதும் லீவரை மெதுவாக அடித்துப் பார்த்து முகம் சுளித்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசி ஸ்க்ரூவைக் கழற்றி நுனியை இரண்டு இழுப்பு அரம் போட்டு மறுபடி மாட்டினார். அதன் பிறகு அடித்தபோதுதான் முன்பு பிடித்தது எனக்குப் புரிந்தது.

இதுவரை குறை சொல்ல எதுவுமில்லை. வினை முன்பக்கம் கவுண்டரில் வந்தது.

பெரிதாக்கம் மாறாத 2.5 மடங்கு ஸ்கோப் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன். முன்னால் மணி போல் விரியாத நேர்க்குழாய், ஆகவே அதைப் பேஸில் பிடித்து நிறுத்தத் தாழ்வான ரிங் (வளையம்) போதும். கவுண்டரில் இருந்தவர் உயரமான ரிங்கை எடுத்து வைத்தார். அடியில் ஜன்னல் மாதிரி திறந்திருக்கும், ஸ்கோப்புக்குக் கீழே பழைய இரும்பு சைட்டையும் பார்க்கலாம், ஒன்றுக்கு இரண்டு என்றார். ஒன்றுக்கு இரண்டு என்று கேட்டதும் என் புத்தி போன இடம் தெரியுமே, வாங்கிவிட்டேன்.

பழைய லீவர் துப்பாக்கிகளின் கட்டை இரும்பு சைட்டுக்காக இழைத்தது. கன்னம் பதியும் இடம் தாழ்வாக இருக்கும். தாழ்ந்த ரிங்கில்கூடக் கண் கொஞ்சம் உயர வேண்டும். இந்த ஜன்னல் ரிங்கில் கன்னம் கட்டையைத் தொடவே இல்லை, தாடையை முட்டுக்கொடுத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. 100 கெஜத்தில் ஐந்து குண்டும் ஆறு அங்குலத்துக்குச் சிதறின. இரும்பு சைட்டில், இந்தக் கண்ணோடு, நான் ஐந்துக்குள் சுட்டுக்கொண்டிருந்தவன். திருப்பிக் கொடுக்கப் போனால், ஒருமுறை மாட்டிய ரிங்கை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். பின்னால் இருந்த பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்.

தாழ்ந்த ரிங்கை வேறு இடத்தில் வாங்கினேன். கட்டையில் கயிறு கோத்துக் கட்டும் தோல் திண்டு ஒன்று, முக்கால் அங்குல உயரம். பார்க்க அழகில்லை. மச்சான் அதற்குக் குதிரைச் சேணம் என்று பெயர் வைத்திருக்கிறார். ஆனால் கன்னம் உட்கார்ந்தது, குண்டுகள் இரண்டு அங்குலத்துக்குள் வந்தன. ஸ்கோப்பின் குறியைச் சரிப்படுத்தும் வேலைக்கு மார்லினில் ஒரு வசதி உண்டு. லீவர் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினால் லீவரும் போல்ட்டும் வெளியே வந்துவிடும், குழலுக்குள் பின்பக்கமிருந்து பார்த்தே ஸ்கோப்பை ஏறக்குறைய நேர்ப்படுத்தலாம். காலித் தோட்டாவை வெளியே எறியும் எஜெக்டர் என்கிற சின்னத் துண்டு தனியாகக் கழன்று விழும், அதை மட்டும் விடாதீர்கள். நான் அரை மணி நேரம் மண்டியிட்டுத் தேடினேன்.

ஹாமருக்கு, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலுக்கு, பக்கவாட்டில் நீளும் சின்ன நீட்டிப்பு ஒன்றும் மறக்காமல் வாங்க வேண்டும். இந்த வயதுத் துப்பாக்கியில் தனியாகப் பாதுகாப்புப் பொத்தான் இல்லை, ஹாமரைப் பாதி நிலையில் வைப்பதுதான் பாதுகாப்பு. ஸ்கோப்பின் பின்முனை ஹாமருக்கு மேலே வந்து நிற்கும்போது, குளிரில் விறைத்த கட்டைவிரல் அந்தச் சந்துக்குள் நுழையாது. தோட்டா உள்ளே இருக்க, ஹாமரை இறக்கும்போது விரல் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கவுண்டரில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. துப்பாக்கியை ஒப்படைக்கும்போது பெரியவர்தான் தன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார், பில்லில் சேர்க்கவில்லை.

துளை போட வேண்டுமென்றால் அந்தப் பட்டறைக்கே மறுபடி போவேன், பின்வாசல் இருந்தால் அது வழியாக. மார்லின் இப்போது வெட்டவெளியின் ஓரத்தில், மரத்தில் சாய்ந்து காத்திருப்பதற்கு ஏற்ற துப்பாக்கி ஆகிவிட்டது. தூக்கி நடக்கத்தான் முன்பு போல் இல்லை. லீவர் துப்பாக்கியை ரிசீவருக்கு நடுவில் ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கவிட்டு நடப்பதில் ஒரு சுகம் உண்டு. அந்தப் பிடி இருந்த இடத்தில்தான் இப்போது ஸ்கோப் உட்கார்ந்திருக்கிறது. புதருக்குள் நடக்கும் நாளில் பீப் சைட் மாட்டிய வின்செஸ்டரை எடுத்துக்கொள்கிறேன், மார்லினை மச்சான் கேட்டு வாங்கிக்கொள்கிறார், சேணத்தோடு.