தள்ளுபடில எலெக்ட்ரிக் கிட்டார்: அஃபினிட்டியா, பசிஃபிகாவா, ஜி.ஆர்.ஜி.யா?

ஆஃபர் சீசன் வந்தா போதும், முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குறவங்க எல்லாரும் கடைசில வந்து நிக்கிறது இந்த மூணு கிட்டார்லதான். ஸ்க்வையர் அஃபினிட்டி ஸ்ட்ராட்டோகாஸ்டர், யமஹா பசிஃபிகா 112வி, ஐபனெஸ் ஜி.ஆர்.ஜி 170டி.எக்ஸ். நாலாவதா எபிஃபோன் லெஸ் பால் ஸ்பெஷல் II எட்டிப் பாக்கும், அதைப் பின்னாடி பாப்போம். ரேட் எதுவும் இங்க எழுதல, வாரத்துக்கு வாரம் மாறுது, இன்னைக்கு எழுதினா அடுத்த வாரமே பொய்யாயிடும்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். எத்தனை பர்சென்ட் தள்ளுபடிங்கிறத வச்சு கிட்டார ஒப்பிடாதீங்க. அப்புறமா மாத்த முடியாதது எதுல நல்லா இருக்குன்னு பாருங்க. நெக், ஃப்ரெட் (நெக்ல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை) வேலை, நெக்கும் பாடியும் சேர்ற இடம், ஸ்கேல் நீளம் (கம்பி அதிர்ற நீளம்), இதெல்லாம் வாங்கினது வாங்கினதுதான். பிக்கப் (கம்பி அதிர்வ மின் சிக்னலா மாத்துறது), ட்யூனர், நட் (நெக் தலைப்பக்கம் கம்பி உக்கார்ற பள்ளம் வெட்டின துண்டு), சுவிட்ச், பாட் (வால்யூம், டோன் நாபுக்கு அடியில இருக்குறது) எல்லாம் ஸ்க்ரூடிரைவரும் சோல்டரிங் அயர்னும் இருந்தா என்னைக்கு வேணா மாத்திக்கலாம். ஆனா மாத்தினா அதுக்கும் காசு, அந்தக் காசையும் சேத்துக் கூட்டிப் பாத்தா 30% தள்ளுபடில வந்தது 10% தள்ளுபடில வந்ததை விட விலை கூடிப் போறது சர்வசாதாரணம்.

தள்ளுபடி ஏன் போடுறாங்கன்னும் பாக்கணும். பழைய கலர ஒழிக்கிறதுக்குன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம், கலர்ல சத்தம் மாறாது. கடையில மாட்டி வச்சிருந்த டிஸ்ப்ளே பீஸ்னா வர்றவன் போறவன்லாம் தொட்டிருப்பான், ஃப்ரெட் லேசா தேஞ்சிருக்கும், ஸ்ட்ரிங் துருப்பிடிச்சிருக்கும், ஆனா பரவால்ல, அந்த நெக் நம்ம ஊரு வெயிலையும் மழையையும் பாத்துட்டு நிக்குது, அதுவும் ஒரு பரீட்சைதான். பாக்ஸ் அடிபட்டதுன்னு சொன்னா மட்டும் நேர்ல பாக்காம வாங்காதீங்க.

இப்போ அஃபினிட்டி. ஸ்க்வையர் ஃபெண்டரோட தம்பி பிராண்டு, 1982ல ஜப்பான்ல ஆரம்பிச்சது. அஃபினிட்டிய 2021ல புதுசு பண்ணினாங்க, அதுக்கு முன்னாடி வந்ததுக்கும் இப்போ வர்றதுக்கும் நல்ல வித்தியாசம். பாடி பாப்ளர் மரம், ஒரிஜினல் ஸ்ட்ராட்ட விட கொஞ்சம் மெலிசு, அதனால தோள்ல தொங்கவிட்டா வலிக்காது. மேப்பிள் நெக், 21 ஃப்ரெட், 25.5 இன்ச் ஸ்கேல், ரெண்டு பாயிண்ட் ட்ரெமோலோ (கைப்பிடியால ஆட்டி சுருதிய நடுங்க வைக்கிற ப்ரிட்ஜ், இது ரெண்டு போஸ்ட்ல நிக்கும்). ட்யூனர் மூடின டைப், போஸ்ட் தலைல பிளவு இருக்கும், ஸ்ட்ரிங்க வெட்டி உள்ள சொருகி சுத்திட வேண்டியதுதான், கம்பி நுனி வெரல்ல குத்தாது. ஃப்ரெட்போர்டு சில கலர்ல மேப்பிள், சிலதுல இந்தியன் லாரல், அதாவது நம்ம கருமருது. 2017ல ரோஸ்வுட் ஏற்றுமதிக்கு உலகம் பூரா பேப்பர் வேலை கேக்க ஆரம்பிச்சாங்க, அப்பதான் கம்பெனிங்க இது மாதிரி வேற மரத்துக்குத் தாவுனது. 2019 கடைசில இசைக்கருவிக்கு விலக்கு குடுத்துட்டாங்க, ஆனாலும் விலை கொறஞ்ச கிட்டார்ல லாரல் அப்படியே தங்கிருச்சு. சத்தத்துல காது வித்தியாசம் கண்டுபிடிக்கும்னு நான் நம்பல.

அஃபினிட்டியோட வீக்னஸ் பிக்கப். மூணு சிங்கிள் காயில் (ஒத்தச் சுருள் பிக்கப்), செராமிக் காந்தம். அதாவது மேல தெரியிற ஆறு துண்டும் காந்தம் இல்ல, வெறும் இரும்பு, காந்தம் அடியில பட்டையா ஒட்டிருக்கும். க்ளீன்ல வாசிச்சா பளிச்னு இருக்கும், கெயின் (ஆம்ப்ல சத்தத்த கரகரப்பாக்குற நாப்) ஏத்தினா மேல்ஸ்தாயி கொஞ்சம் காதுல குத்தும். ஃப்ளேம் மேப்பிள் மூடி போட்ட அஃபினிட்டி ஒண்ணு இருக்கு, அதுல ப்ரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (ரெண்டு சுருள் சேந்து இரைச்சல அடக்குற பிக்கப்) வரும், தள்ளுபடில அது சிக்கினா சாதா அஃபினிட்டிய விட்டுட்டு அத எடுங்க.

அப்புறம் சிங்கிள் காயில்னாலே இரைச்சல். நம்ம வீட்டுல சுவத்துல இருக்குற எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர பாதில வச்சுட்டு ஆம்ப்ல கெயின் ஏத்திப் பாருங்க, வாசிக்காமலே கிர்ருனு கேக்கும், கிட்டாரோட நாற்காலில மெதுவா சுத்துங்க, ஒரு திசைல இரைச்சல் கொறையும், இன்னொரு திசைல ஏறும். கிட்டார்ல கோளாறு இல்ல, காயில் ஆன்டெனா மாதிரி வேலை பாக்குது, அவ்ளோதான். இதுல பிளக் பாயிண்ட்ல எர்த் வேற சரியா இல்லன்னா கேக்கவே வேணாம். வாடகை வீட்டுல இருக்குறவங்க, ராத்திரி ஹெட்ஃபோன்ல டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கிறவங்க எல்லாம் இத யோசிச்சுக்கங்க.

பசிஃபிகா 112வி பத்திப் பேசினா நான் கொஞ்சம் சாய்ஞ்சுதான் பேசுவேன், சொல்லிட்டேன். பசிஃபிகா வரிசை 1990ல இருந்து இருக்கு. யமஹாவுக்கு சென்னை பக்கத்துல ஃபேக்டரி இருக்கே, அங்கேர்ந்து வருமான்னு நிறைய பேரு கேக்குறாங்க, அங்க கிட்டார்னா அக்கூஸ்டிக்தான், பசிஃபிகா வர்றது இந்தோனேசியாலேர்ந்து. பாடி ஆல்டர், ஃபெண்டரோட விலை ஒசந்த கிட்டார்ல போடுற அதே மரம். 22 ஃப்ரெட். ரெண்டு சிங்கிள் காயில், ப்ரிட்ஜ்ல ஒரு ஹம்பக்கர், எல்லாமே அல்னிகோ 5 காந்தம். டோன் நாப மேல இழுத்தா ஹம்பக்கர்ல ஒரு காயில் மட்டும் வேலை செய்யும், ஸ்ட்ராட் மாதிரி சன்னமா வரும், அமுக்கினா திரும்ப தடிப்பா வந்துடும். ஒரே கிட்டார்ல மெலடி, ஃபங்க், ராக்னு வேணும்னு சொல்றவங்களுக்கு இதுக்கு மேல இந்த விலைல என்ன கேக்க முடியும்?

ஒரு எச்சரிக்கை. 112வி, 112ஜெ, 012 மூணும் ஃபோட்டோல அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். ஜெ மாடல்லயும் 012லயும் அந்த காயில் ஸ்ப்ளிட் (நாப இழுத்து ஒரு காயிலாக்குறது) கிடையாது, பிக்கப்பும் வேற. "பசிஃபிகா 40% ஆஃப்"னு பெருசா போட்டிருந்தா பெரும்பாலும் 012தான், கடைசி எழுத்து வரைக்கும் மாடல் நம்பர படிச்சுட்டு காசு கட்டுங்க.

பசிஃபிகால குறைன்னா நட்டு அகலம் 41 மி.மீ, அஃபினிட்டி 42. ஒரு மில்லிமீட்டர்ல என்ன இருக்குன்னு தோணும், தடிச்ச வெரல் இருக்குறவங்க ஓப்பன் சி கார்டு புடிச்சுப் பாத்தா தெரியும், பக்கத்து கம்பில வெரல் உரசும். இன்னொண்ணு, ட்ரெமோலோ ஆறு ஸ்க்ரூ போட்ட பழைய டைப். லேசா நடுங்க வைக்கலாம், கீழ வரைக்கும் அமுக்கி விளையாடினா ட்யூனிங் நகரும். அஃபினிட்டியோட ரெண்டு பாயிண்ட் அந்த விஷயத்துல கொஞ்சம் பெட்டர்.

ஜி.ஆர்.ஜி 170டி.எக்ஸ் பாத்ததும் பசங்களுக்குப் புடிக்கும், சுறா பல்லு மாதிரி இன்லே, 24 ஃப்ரெட், ஒல்லி நெக். ஹம்பக்கர், சிங்கிள், ஹம்பக்கர்னு பிக்கப். மெட்டல் வாசிக்கணும், வேகமா ஓடணும்னா இதுதான் கைக்கு சொல்ற பேச்சு கேக்கும். ஃப்ரெட்போர்டு வளைவ கவனிங்க: அஃபினிட்டி 9.5 இன்ச் ரேடியஸ், பசிஃபிகா 13.75, ஐபனெஸ் 15.75. நம்பர் ஏற ஏற ஃப்ரெட்போர்டு தட்டையாகும். அஃபினிட்டில ஆக்ஷன (ஃப்ரெட்டுக்கு மேல கம்பி உயரத்த) ரொம்ப எறக்கி வச்சுட்டு 15வது ஃப்ரெட்ல முதல் கம்பிய முழு ஸ்வரம் பெண்ட் பண்ணினா சில பீஸ்ல சத்தம் சட்டுனு அடங்கிடும், மேல இருக்குற ஃப்ரெட்டோட நடு மேட்டுல போயி கம்பி இடிக்கிறதால. ஐபனெஸ்ல அந்தத் தொல்லை கிடையாது. நம்ம ஆளுங்க கமகம் கிட்டார்ல கொண்டு வரணும்னு கம்பிய இழுஇழுன்னு இழுப்பாங்க, அவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. ஆனா உக்காந்து கார்டு புடிச்சுப் பாடுறவங்களுக்கு 9.5தான் உள்ளங்கைக்கு இதமா இருக்கும்.

ஜி.ஆர்.ஜி.ல க்ளீன் டோன் எனக்கு ஒட்டல, கொஞ்சம் மந்தமா இருக்கு. 24 ஃப்ரெட் வந்ததால நெக் பிக்கப் ப்ரிட்ஜ் பக்கம் தள்ளிப் போயிடுது, அந்த உருண்டையான நெக் டோன் கொறையுது. ட்ரெமோலோ வேணாம்னா இதே வரிசைல 121டி.எக்ஸ் இருக்கு, ஃபிக்ஸட் ப்ரிட்ஜ், ரெண்டு ஹம்பக்கர். டிராப் டி, டிராப் சின்னு அடிக்கடி ட்யூனிங் மாத்துறவங்க அத வாங்கிட்டு நிம்மதியா இருக்கலாம்.

எபிஃபோன் ஸ்பெஷல் II பத்தி ரெண்டு வரி. ஸ்கேல் 24.75 இன்ச், கம்பி இழுவிசை கம்மி, சின்ன கைக்கு நல்லது. ரெண்டு ஹம்பக்கர், ஒரு வால்யூம் ஒரு டோன், வேற ஒண்ணும் இல்ல. லெஸ் பால் உருவத்துக்காக வாங்குற கிட்டார். புடிச்சா வாங்குங்க, வாதாட மாட்டேன்.

சரி, அப்கிரேடு. இங்கதான் நிறைய பேரு காச விடுறாங்க. "கொறஞ்ச விலைல அஃபினிட்டி வாங்குறேன், மிச்ச காசுல சீமோர் டங்கன் பிக்கப் போட்டுடுவேன்"னு ஒரு கணக்கு போடுவாங்க. கணக்கு எங்க இடிக்கும்னா, இறக்குமதி பிக்கப் ஒண்ணே இந்த கிட்டார் விலைல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடும். அதோட முடியுமா? சாதா அஃபினிட்டில ஹம்பக்கர் அளவு பிக்கப் வைக்க பிக்கார்டு (முன்பக்க பிளாஸ்டிக் தகடு) மாத்தணும், சில பாடில மரத்த குடையணும், சிங்கிள் காயிலுக்கு 250கே பாட், ஹம்பக்கருக்கு 500கே பாட்னு அதுவும் மாறும், பெரிய பாட் உள்ள அடங்கலன்னா அது வேற. சிங்கிள் காயில் இடத்துலயே உக்கார்ற சின்ன ஹம்பக்கர் இருக்கு, மரம் குடைய வேணாம், ஆனா விலை கொறையாது. இவ்ளோ செஞ்சு முடிச்சா கைல இருக்குறது ஏறக்குறைய ஒரு 112வி, அதுவும் அதிக விலைக்கு. விக்கப் போனா அப்கிரேடுக்குப் போட்ட காசு திரும்பாது, அதனால கழட்டின ஒரிஜினல் பார்ட்ஸ ஒரு கவர்ல போட்டு பத்திரமா வைங்க.

அதுக்காக அஃபினிட்டிய மோடிஃபை பண்ணவே கூடாதுன்னு சொல்லல. கத்துக்கிறதுக்கு அதவிட நல்ல கிட்டார் கிடையாது, ஸ்ட்ராட் பார்ட்ஸ் மாதிரி எதுவும் மார்க்கெட்ல கொட்டிக் கெடக்காது, பிக்கார்ட கழட்டினா மொத்த வயரிங்கும் கைக்கு வந்துடும். சோல்டரிங் புடிக்கும், ஞாயித்துக்கெழம பூரா அதுலயே உக்காந்திருப்பேன்னு சொல்ற ஆளுக்கு அஃபினிட்டிதான். ப்ரிட்ஜ் மாத்தப் போறவங்க மட்டும் ரெண்டு போஸ்ட்டுக்கும் நடுவுல இருக்குற தூரத்தையும் கம்பிக்குக் கம்பி இடைவெளியையும் அளந்துட்டு ஆர்டர் போடுங்க, ஸ்ட்ராட் ப்ரிட்ஜ் எல்லாம் ஒரே அளவு கிடையாது.

எந்த கிட்டார் வாங்கினாலும் முதல் அப்கிரேடு புது ஸ்ட்ரிங்கும் ஒரு ஒழுங்கான செட்டப்பும்தான். முதல் ஃப்ரெட்ல கேப்போ (எல்லா கம்பியையும் அமுக்குற கிளிப்) மாட்டி, கடைசி ஃப்ரெட்ல ஆறாவது கம்பிய அமுக்கிட்டு, எட்டாவது ஃப்ரெட் கிட்ட கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் எவ்ளோ இடைவெளின்னு பாருங்க, 9.5 ரேடியஸ் நெக்குக்கு ஃபெண்டர் சொல்ற அளவு 0.010 இன்ச், அதாவது கால் மி.மீ. 12வது... இல்ல, ஃபெண்டர் கணக்குல 17வது ஃப்ரெட்ல கம்பி உயரம் 1.6 மி.மீ. இந்த ரெண்டும் சரியா வந்துட்டாலே பாதி பேருக்கு பிக்கப் மாத்துற ஆசை போயிடும். நட்டு பள்ளத்துல பென்சில் முனைய தேச்சு விட்டா கம்பி சிக்காம வழுக்கும், காசே இல்ல. ட்ரெமோலோ யூஸ் பண்ணாதவங்க பின்மூடிய கழட்டி ஸ்ப்ரிங் புடிச்சிருக்குற ரெண்டு ஸ்க்ரூவயும் முறுக்கி ப்ரிட்ஜ பாடியோட ஒட்ட உக்கார வச்சுடுங்க, ட்யூனிங் நிக்கும், லாக்கிங் ட்யூனர் வாங்குற காசு மிச்சம். அதுக்கு மேலயும் காசு இருந்தா ஆம்புக்குப் போடுங்க. மட்டமான ஆம்ப்ல எந்த பிக்கப்பும் தகர டப்பாதான்.

என்னோட தீர்ப்பு இதான்: 112விக்கும் மத்ததுக்கும் நடுவுல விலை வித்தியாசம் ஒரு நாலஞ்சாயிரத்துக்குள்ளன்னா யோசிக்காம 112வி. அதுக்கு மேல வித்தியாசம் வந்தா, நீங்க க்ளீனும் ப்ளூஸும் வாசிக்கிற ஆளா இருந்தா அஃபினிட்டி, மெட்டல்னா ஜி.ஆர்.ஜி, அதுல மறு பேச்சு இல்ல.

நேர்ல வாங்குறதா இருந்தா ஹெட்ஸ்டாக் பக்கத்துலேர்ந்து ஒரு கண்ண மூடிட்டு நெக் ஓரமா பாருங்க, முறுக்கு இருந்தா தெரிஞ்சிடும், முறுக்கின நெக்க ட்ரஸ் ராட் (நெக் வளைவ சரி பண்ண உள்ள இருக்குற உலோகக் கம்பி) சரி பண்ணாது, இலவசமா குடுத்தாலும் வேணாம். கட்டை வெரல ஃப்ரெட்போர்டு ஓரத்துல மேலேர்ந்து கீழ ஓட்டுங்க, ஏசி ரூம்லயே கெடந்த கிட்டார்னா மரம் சுருங்கி ஃப்ரெட் முனை வெளிய நீட்டிருக்கும், ரம்பம் மாதிரி கீறும். எல்லா ஃப்ரெட்லயும் எல்லா கம்பியும் ஒரு தடவ தட்டிப் பாருங்க, கடைக்காரர் மொறைச்சாலும் பரவால்ல. ஆன்லைன்னா பெட்டிய திறக்குறப்பவே வீடியோ எடுங்க, சுவிட்ச அஞ்சு நிலையிலயும் வச்சு ஆம்ப்ல கேட்டுப் பாருங்க, பசிஃபிகான்னா டோன் நாப இழுத்தும் பாருங்க, ரிட்டர்ன் தேதி முடியிற வரைக்கும் அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுறாதீங்க. அப்கிரேடுன்னு ஸ்க்ரூடிரைவர கைல எடுக்குறதும் அந்தத் தேதிக்கு அப்புறம்தான், ஒரு ஸ்க்ரூவ திருகிட்டாலும் ரிட்டர்ன் எடுக்க மாட்டேன்னு மல்லுக்கு நிப்பாங்க.