கத்தரிக்காய் புளிக்கூட்டு: தட்டைப்பயறா, மொச்சையா, ராஜ்மாவா?

நார்ச்சத்துக்காகப் பயறு மாற்றுகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. வேகவைத்த தட்டைப்பயறு (காராமணி) 100 கிராமில் சுமார் 6.5 கிராம் நார்ச்சத்து, ராஜ்மாவில் 6.5 முதல் 7.5 வரை. இந்த வித்தியாசத்துக்காகக் கடை கடையாக ஏற வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழே சொல்லும் அளவில் ஒரு கிண்ணம் கூட்டு சாப்பிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு பக்கமாக வந்துவிடும். எதைப் போடுவது என்பதை முடிவு செய்ய வேண்டியவை நேரமும் ருசியும், முக்கியமாகப் புளியும்தான்.

கத்தரிக்காய் குழையாமல் நிற்பதற்குக் காரணமே புளித்தண்ணீர். அதே புளி, பாதி வெந்த பயறின் மேல் பட்டால் தோல் இறுகிவிடும்; பிறகு எவ்வளவு கொதித்தாலும் லேசில் வேகாது. ஆகவே எந்தப் பயறானாலும் தனியாக, முழுசாக வெந்த பிறகே புளியில் சேர வேண்டும்.

நான்கு பேருக்கு: பயறு 150 கிராம், பிஞ்சுக் கத்தரிக்காய் 300 கிராம், சின்ன வெங்காயம் 10, தக்காளி 1, நெல்லிக்காய் அளவு புளி, சாம்பார் பொடி 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு. அரைக்க 3 டேபிள்ஸ்பூன் தேங்காயும் அரை டீஸ்பூன் சீரகமும். ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, 2 வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், தக்காளி, கத்தரிக்காயை 3 நிமிடம் வதக்கவும். புளித்தண்ணீர், பொடிகள், உப்பு சேர்த்து மூடி 8 நிமிடம். காய் முக்கால் பதம் வந்ததும், வெந்த பயறை அதன் தண்ணீரோடு ஊற்றி 5 நிமிடம் கொதிக்கவிடவும். அரைத்த தேங்காய் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கலாம்.

தட்டைப்பயறு

வேலை நாளுக்கு இதுதான். முந்தின நாளே நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, மூன்று மடங்கு தண்ணீரில் 4 அல்லது 5 விசில் விட்டால் போதும். 2 மணி நேரம் ஊறியிருந்தால் 2 விசில். கோளாறு எதிர்ப்பக்கம்தான் வரும்: ஒரு விசில் கூடிப்போனால் தோல் பிளந்து மாவாகிவிடும், கூட்டு களி மாதிரி இறுகும். அப்படி ஆனால் வெந்நீர் விட்டுத் தளர்த்துங்கள், ருசி கெடாது.

மொச்சை

ருசியில் இதை அடிக்க ஆளில்லை. தோல் கெட்டி, உள்ளே வெண்ணெய் போல மென்மை. மறுநாள் புளி ஊறிய பிறகு இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் எடுத்ததற்கெல்லாம் முறுக்கிக்கொள்ளும் பயறு இது. 8 முதல் 10 மணி நேரம் ஊற வேண்டும். முதலில் தோல் சுருங்கும், பிறகு உள்பருப்பு உப்பி வழவழப்பாகும். காலையிலும் சுருக்கம் இருந்தால் இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம். மிதப்பவற்றில் பெரும்பாலும் வண்டு துளைத்திருக்கும், ஊறாமல் கல்லாகக் கிடப்பவை வேகாது. இரண்டையும் பொறுக்கிப் போடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டினால் வாயுத் தொல்லையும் கொஞ்சம் குறையும். பிறகு புதுத் தண்ணீரில் 4 அல்லது 5 விசில். ஒன்றைக் கட்டைவிரலால் நசுக்கிப் பாருங்கள்: நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இன்னும் 2 விசில்.

இத்தனை செய்தும் வேகவில்லையா? பயறு பழையதாக இருக்கலாம், அல்லது போர் தண்ணீராக இருக்கலாம். போர் தண்ணீரில் உள்ள கால்சியம் தோலை இறுக்கும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் கேன் தண்ணீர் நல்லது. சமையல் சோடா சீக்கிரம் வேகவைக்கும், ஆனால் பி1 வைட்டமினை அழித்துச் சோப்பு வாடையும் கொடுக்கும். சமையல் உப்புப் போட்டால் பயறு வேகாது என்ற பயம் வீண். லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டு ஊறவைத்தால் தோல் இளகவே செய்யும்.

தை மாதத்துப் பச்சை மொச்சைக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது, திறந்த சட்டியிலேயே 15, 20 நிமிடத்தில் வெந்துவிடும். தோலைப் பிதுக்கி எடுத்தால் ருசி உண்டு, நார்ச்சத்தில் பெரும்பங்கு குப்பைக்குப் போகும்.

ராஜ்மா

இந்தக் கூட்டுக்கு வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. வெங்காயமும் தக்காளியும் சுண்டிய கெட்டி மசாலாவில்தான் அது எடுபடும். புளியும் தேங்காயும் அதன் மேலே நிற்கும், உள்ளே இறங்காது. வேறு பயறு இல்லாமல் போட்டால், 5 மணி நேரமாவது ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவிடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கு வரவழைக்கும். ஸ்லோ குக்கரின் இளஞ்சூடு அதை அழிக்கப் போதாது. முழுக் கொதியில் 10 நிமிடமாவது இருந்தாக வேண்டும்.

அவசரத்தில் வேகாத மொச்சையைப் புளியில் கொட்டிவிட்டால் கூட்டையே கொதிக்கவைத்துக்கொண்டிருக்காதீர்கள், கத்தரிக்காய் கரைந்துவிடும். மொச்சையை மட்டும் அரிகரண்டியால் எடுத்து, வெந்நீரில் அலசி, புதுத் தண்ணீரில் 3 விசில் விட்டுத் திரும்பச் சேருங்கள்.