கெர்ரி சல்லிவன்களைத் தேடி ஆறு வருடம்

என் கணவர் அயர்லாந்தில் கெர்ரி கவுண்டிக்காரர். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாரிடம் பேச்சு வளர்க்க, "உங்க பாட்டி எந்த ஊர்?" என்று கேட்டேன். பிறந்த வீட்டுப் பெயர் சல்லிவன், மலைப்பக்கத்து ஊர், அவ்வளவுதான் தெரியும் என்றார். கெர்ரியில் சல்லிவன் என்று தேடுவது நம்மூரில் முருகன் என்று தேடுவது மாதிரி. அது தெரியாமல் நான் அந்தப் பாட்டியின் வம்சத்தைத் தேட உட்கார்ந்தேன்.

"எல்லாம் எரிஞ்சு போச்சு, தேடாதே" என்றுதான் பலரும் சொன்னார்கள். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி அதில் போனது. ஆனால் 1861, 1871 கணக்கேடுகளை அதற்கு வெகுகாலம் முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர் சமயத்தில் காகிதக் கூழாகின. பாவம், நெருப்பு மேல் மட்டும் பழி.

முழுசாகத் தப்பியவை 1901, 1911 கணக்குகள். தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். நான் சல்லிவன் என்று போட்டு, வயது ஒத்து வந்த ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் வேறு யாருடைய பாட்டியையோ ஆராய்ந்தேன். அப்புறம்தான் புத்தி வந்து பின்னாலிருந்து தொடங்கினேன். மாமியாரின் அம்மாவுடைய 1912 பிறப்புப் பதிவு, அங்கிருந்து பாட்டியின் திருமணப் பதிவு. ஐரிஷ் ஜீனியாலஜி டாட் ஐஇ தளத்தில் பதிவேட்டுப் பக்கமே படமாகக் கிடைக்கிறது, காசில்லை. திருமணப் பதிவில் பெண்ணின் அப்பா பெயரும் அவள் இருந்த 'டவுன்லேண்ட்' பெயரும் இருந்தன. டவுன்லேண்ட் என்பது கிராமத்தைவிடச் சின்ன நிலப்பிரிவு. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல். அது கையில் கிடைக்காதவரை ஐரிஷ் தேடல் இருட்டில் துழாவுவதுதான்.

இப்போது கணக்கேட்டில் சரியான வீடு கிடைத்தது. பாட்டியின் அப்பாவுக்கு 1901-இல் 58 வயது, 1911-இல் 72! குழம்ப வேண்டாம். 1909 முதல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. அரசுப் பிறப்புப் பதிவோ 1864-இல்தான் தொடங்கியது, ஆக கிழவர்கள் யாரிடமும் சான்றிதழ் இல்லை. ஊரே ஒரே ராத்திரியில் மூப்படைந்துவிட்டது. அதே 1911 படிவத்தில், மணமான பெண்ணுக்கு எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறார்கள். பாட்டியின் அம்மாவுக்குப் பதினொன்று, ஏழு. அதைப் படித்துச் சொன்னபோது மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த அம்மாவின் பெயர் ஓரிடத்தில் அபிகெயில், இன்னோரிடத்தில் கோப்னெட். ஒரே ஆள்தான். கோப்னெட் இந்தப் பக்கத்துப் புனிதையின் பெயர், அதற்கு ஆங்கிலத்தில் அபிகெயில் என்று எழுதிவிடுவார்கள். இதேபோல் டியர்மிட் ஜெரமையா ஆவார். கத்தோலிக்கக் கோயில் ஏடுகளில் லத்தீன் வேறு: வில்லியம் அங்கே குலியெல்முஸ். பாட்டியின் ஞானஸ்நானமோ அவர் பிறந்த தேதிக்கு மூன்று வாரம் முன்னால்! பிறப்பைத் தாமதமாகப் பதிந்தால் அபராதம், அதனால் தேதியைத் தள்ளிச் சொல்லிவிடுவது வழக்கம். கோயில் தேதியைத்தான் நான் நம்புகிறேன்.

பெயர் வைக்கும் முறை நமக்குப் பழகியதுதான். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். பேரன் என்ற நம் சொல்லுக்கே அதுதானே பொருள்? பிள்ளைகளின் பெயரை வைத்தே தாத்தாக்களை ஊகித்தேன், ஒன்று சரியாக வந்தது.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு கிரிஃபித் மதிப்பீடு, வரி போடுவதற்காக 1847 முதல் 1864 வரை எடுத்த நிலக் கணக்கு. நம் தலைக்கட்டுக் கணக்கு மாதிரி. குடும்பத் தலைவர் பெயர், நிலக்கிழார் பெயர், நிலத்தின் அளவு, மதிப்பு மட்டும் இருக்கும். மனைவி மக்கள் இல்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் அடைப்புக்குறியில் அப்பா பெயர். இனிஷியல்தான்! அந்த அடைப்புக்குறியால் எனக்கு ஒரு தலைமுறை கூடுதலாகக் கிடைத்தது.

கட்டணத் தளம் ஒன்றிலும் ஒரு வருடம் இருந்தேன். கேட்காமலே சந்தா புதுப்பித்துப் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். அங்கே மற்றவர்கள் போட்ட வம்சமரங்களில் ஒருவர் செய்த தப்பைப் பத்துப் பேர் நகலெடுத்திருந்தார்கள். கெர்ரிக்கு அது தேவையே இல்லை, கோயில் பதிவுகளும் அந்த ஐரிஷ் ஜீனியாலஜி தளத்திலேயே உள்ளன. வேறு பல கவுண்டிகளுக்கு, தேசிய நூலகம் 2015-இல் ஏற்றிய கத்தோலிக்க ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும். பெயர் தேடும் வசதி அங்கே இல்லை, சில பக்கங்கள் வெறும் கறை.

1820-களில் போய் நின்றுவிட்டேன். அந்த ஊர்க் கோயில் பங்கின் ஏடே அப்போதுதான் தொடங்குகிறது. மாமியார் விடுவதாக இல்லை, இப்போது மாமனார் வழியைத் தேடச் சொல்கிறார். அவர் மர்ஃபி, அயர்லாந்திலேயே அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப்பெயர்.