லேடி மேக்பெத்தா, கிளைட்டம்னெஸ்ட்ராவா?

கணவனை வளைக்கும் மனைவியாக நாடகங்களில் வரும் இந்த இருவரில் யாரைச் சிறப்பாகச் சொல்வது? இருவருமே கணவனைப் பேச்சால் வளைத்தவர்கள். ஷேக்ஸ்பியரின் லேடி மேக்பெத், கணவனின் ஆண்மையைக் குத்திக் காட்டியே அரசன் டங்கனைக் கொல்ல வைக்கிறாள். தன் பெண்மையை நீக்கிவிடும்படி ஆவிகளிடம் வேண்டியவள்தான். ஆனாலும் தூங்கும் டங்கனிடம் தன் தந்தையின் சாயல் தெரிந்ததும் அவளால் குத்த முடியவில்லை. அப்புறம் தன் நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆளனுப்பும்போது மேக்பெத் அவளிடம் சொல்வதுகூட இல்லை. கூட்டாளியாக இருந்தவள் வெறும் மனைவியாகிவிடுகிறாள்.

கி.மு. 458இல் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ நாடகத்தில் கிளைட்டம்னெஸ்ட்ரா, வென்றவன் விட்டுக்கொடுப்பதே அழகு என்று பேசி, கணவன் அகமெம்னானை விலையுயர்ந்த விரிப்பில் நடக்க வைக்கிறாள். பிறகு தானே கொல்கிறாள். மகளைப் பலி கொடுத்தவன் அல்லவா அவன்!

சூழ்ச்சியில் கிளைட்டம்னெஸ்ட்ராவே கெட்டிக்காரி. ஆனால் ஒரு திருமணம் உள்ளிருந்தே சிதைவதைப் பார்க்க வேண்டுமென்றால், ‘மேக்பெத்’ நாடகத்தைத்தான் சொல்வேன்.